சிக்னல் போட்டுத் தப்பித்த வில்லன்

இயேசு மரி சூசை துணை

புக்கிட் பாஞ்சாங்,
வியாழக்கிழமை

பாசமுள்ள மகள் கேட்லினுக்கு அப்பா அற்புதராஜ் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் மாதாவின் தயவில் நலமாக இருக்கிறோம். பெர்த்தில் நீ வேளைக்குச் சாப்பிட வேண்டுமென்று அன்றாடம் செபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். வாட்ஸப்பில் எழுதினால் நீ கட்டைவிரலை மட்டும் அனுப்புவாய். அதனால் தபால்.

நம் காரை வைத்திருக்க வாங்கிய பத்து வருட சிஓஇ உரிமம் இந்த மாதத்தோடு முடிகிறது. நாளை கொண்டுபோய் உடைக்கக் கொடுத்துவிடுவேன். எனக்குத் துளியும் வருத்தமில்லை, இரும்புதானே. "கீழயே எல்ஆர்டி ரயில் ஓடுது, இவருக்கு ஒரு காரு" என்று உன் அம்மாவும் வாங்கிய நாளிலிருந்து சொல்கிறாள். கார் இல்லாமல் உங்களுக்குச் சிரமம், இந்தக் கிறிஸ்மஸுக்கு வரவில்லை என்று நீ சொன்னதும் நியாயம்தான்.

இதற்கிடையில் நம் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் திலீப் தொலைக்காட்சிக்கு ஒரு அதிரடிப் படம் எடுக்கிறான். தேக்காவில் நகைக்கடையைக் கொள்ளையடித்த வில்லன் காரில் பறக்கிறான், போலீஸ் துரத்துகிறது, கடைசியில் கார் எண்ணெய்ப் பீப்பாய்களில் மோதி நொறுங்குகிறது. "எப்படியும் உடைக்கப்போற காருதானே அங்கிள், குடுங்க லா" என்றான். கொடுத்தேன். ஆனால் காப்புறுதியில் ஓட்டுநராக என் பெயர் மட்டும்தான் இருப்பதால் வில்லனுக்கு டூப்பும் நானே என்றாகி, என் வழுக்கையில் தோள்வரை தொங்கும் முடியை ஒட்டிவிட்டார்கள். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவனுக்குக் கொள்ளையடித்துவிட்டு வந்தாலும் பெல்ட் போட்டு, கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டுத்தானே கிளம்ப வரும்? துரத்திய போலீஸ் கார் இரண்டு தடவை என்னை முந்திவிட்டது. மூன்றாம் தடவை நம் பக்கத்து வீட்டு ஆமினா பீவி மீன் பையோடு சாலையைக் கடக்க வந்தார். நிறுத்தினேன். "அற்புதம் அண்ணே, தலையில என்னா இது? வீட்டுக்குத்தானே போறீங்க, நானும் வரேன்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். எப்படி இறங்கச் சொல்வது? பார்க்க நன்றாக இருக்கிறதென்று திலீப் அவரை வில்லனின் அம்மா ஆக்கிவிட்டான். அந்த அம்மாள் இப்போது புளோக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கடைசியில் பீப்பாய்க் காட்சி. மூன்று முறை வேகமாகப் போனேன், மூன்று முறையும் ஒரு சாண் முன்னால் பிரேக் பிடித்துவிட்டேன். திலீப் கத்தினான்: "மோதுங்க அங்கிள்! வெள்ளிக்கிழமை உடைக்கத்தானே போறாங்க?"

"தம்பி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. இன்னிக்குச் செவ்வாய்" என்றேன்.

நீ ஓட்டக் கற்றபோது கார்ப்பார்க் தூணில் இடித்த நசுங்கல் பின்கதவில் இன்னும் இருக்கிறது. நான் சரிசெய்யவே இல்லை. அந்த வண்டியில் வேறு நசுங்கல் விழ எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வில்லன் மனம் திருந்திச் சரணடைவதாகக் கதையை மாற்றிவிட்டார்கள்.

ஆகவே மகளே, கார் கதை முடிந்தது. நீ வராவிட்டாலும் கவலையில்லை, எங்களுக்கு நாங்கள் இருக்கிறோம். மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா

பின்குறிப்பு (வெள்ளி): காலையில் காரை எடுக்கப் போனால் உன் அம்மா முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "உடைக்கவா போறீங்க? பிள்ள வந்து எறங்கினா டாக்சி வரிசையிலயா நிக்கும்? போய் சிஓஇய இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் போட்டுட்டு வாங்க" என்றாள். போட்டுவிட்டோம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, வருத்தமில்லை என்று எழுதியதை முதலில். உனக்கு இனிச் சாக்கு இல்லை, ஐந்து கிறிஸ்மஸுக்கும் வந்தாக வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் வழக்கமான கதவருகே காரோடு நிற்பேன். ஒட்டுமுடியை அம்மா கழற்ற விடமாட்டேன் என்கிறாள். அதனால் முகத்தைத் தேடாதே, பின்கதவைப் பார்.