மூன்று முறை வராத குறை

"மறுபடியும் நின்னுடுச்சு தம்பி. இடது பக்கம் திருப்பினா போதும், அணைஞ்சு போயிடுது," என்றபடி மருந்துக் கடைக்கார அம்மா சாவியை மேசைமேல் வைத்தார்.

சர்வீஸ் நிலையத்தின் குமாஸ்தா, வண்டியின் குறையை எழுதும் ஜாப் கார்டு ஒன்றை எடுத்தார். வாங்கிய ஒரு வருடத்துக்குள் ஒரே குறைக்காக மூன்று முறை கார் திரும்பி வந்தால், புதுக் கார் கொடுத்தாக வேண்டும். கம்பெனியின் உத்தரவாதப் பத்திரத்தில் அந்த வரி அவருக்கு மனப்பாடம். இது இரண்டாவது முறை; முதல் முறை நான்கு நாள் வண்டி இங்கே கிடந்தது. மேலாளர் காலையில்தான் சொல்லியிருந்தார்: "இன்னொரு வண்டிய மாத்திக் குடுக்க வச்சே, அதோட நீயும் கிளம்பிடு."

வீட்டில் பிரசவத்துக்கு மகள் வந்திருந்தாள்.

ஜாப் கார்டில் எழுதினார்: 'ஸ்டியரிங் சற்றுக் கனமாக உள்ளது.'

"நான் அப்படிச் சொல்லலையே?"

"எழுதுறப்ப இப்படித்தாம்மா எழுதணும். எட்டு நாள் ஆகும்."

அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

பட்டறைக்காரர்கள் எழுத்தை நம்புகிறவர்கள். ஸ்டியரிங்கை அக்கக்காகக் கழற்றி மாட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். "இப்பவும் நிக்குது. கூடவே திருப்பும்போதெல்லாம் ஹாரன் அடிக்குது. தெருவே நான் கூப்பிட்டேன்னு திரும்பிப் பாக்குது தம்பி."

குமாஸ்தா எழுதினார்: 'ஹாரன் அளவுக்கு மீறிய உற்சாகத்துடன் உள்ளது.' ஒன்பது நாள்.

ஹாரன் ஊமையானது. பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடத் தொடங்கியது.

அடுத்த முறை, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத காலையில், 'வைப்பர் மழைக்குக் காத்திருப்பதில்லை' என்று எழுதினார். பத்து நாள்.

தலைமை மெக்கானிக் மேசைக்கே வந்துவிட்டார். "அண்ணே, இந்த வண்டிக்கு உண்மையில என்னதான் வியாதி?"

"கார்டுல இருக்கிறத மட்டும் பாருப்பா."

"அதத்தான்ணே பாத்தோம். ஓடிட்டிருந்ததெல்லாம் நின்னு போச்சு. நின்னது மட்டும் அப்படியே நிக்குது."

குமாஸ்தா கார்டை அவர் கையில் கொடுத்து அனுப்பினார். அந்த அம்மா ஒருமுறையாவது கத்தியிருக்கலாம் என்று தோன்றியது. கத்துகிறவர்களை மறந்துவிடலாம். நன்றி சொல்லிவிட்டுப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

கார் வாங்கி ஒரு வருடம் முடியும் நாளில் அந்த அம்மா அதை எடுத்துப்போக வந்தார். "ரொம்ப நன்றி தம்பி. உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்."

வைப்பர் கையசைக்க, கார் ஊர்ந்து சென்றது. வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டியவர், வாசலில் வலது பக்கம் திரும்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்.

குமாஸ்தா நான்கு ஜாப் கார்டுகளையும் மேசையில் பரப்பினார். நான்கு குறைகள். ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. ஒரு வருடமாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். ஆனாலும் நெஞ்சு லேசாகவில்லை.

வாட்ச்மேன் உற்சாகமாக உள்ளே வந்தார்.

"சார், வண்டி வர்ற தேதி, போற தேதி எழுதுற என் கேட் நோட்டை அந்தம்மா போட்டோ புடிச்சிட்டுப் போறாங்க. என்ன குறைன்னு எழுதியிருந்தாலும் சரி, வருஷத்துல முப்பது நாள் வண்டி இங்க கிடந்தா புது வண்டி குடுத்துடணுமாமே, நான்தான் கூட்டிப் பாத்துச் சொன்னேன், முப்பத்தொண்ணு!"