துரைக்கு என்னைப் பிடிக்கவில்லை, மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அனைவரும் என்றால் நான், உங்கள் அத்தை, நீங்கள் கொடுத்த வான்கோழிகள் இரண்டு. இதில் மூன்று பேர் நலம்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள், உங்கள் பண்ணையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியில் இரண்டு குஞ்சுகளைக் கொண்டுவந்து, "மாமா, இவளும் என்கூட வந்துட்டா, வீடு வெறிச்சுன்னு இருக்கும், ஒரு துணைக்கு இருக்கட்டும்" என்று சொன்னீர்கள். உங்கள் நல்ல மனசைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வாலிபம் முழுக்க அச்சக மெஷினின் இரைச்சலில் நின்றவன் நான். ஓய்வு பெற்றதும் ஒரு நாற்காலியில் சாய்ந்து எதையும் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. குஞ்சுகளோ தீனியை எதிரில் வைத்தாலும் சாப்பிடத் தெரியாமல் விழித்தன. உங்கள் அத்தை தரையில் உட்கார்ந்து, தட்டில் விரலால் கொத்திக் கொத்திக் காட்டினாள். அவை அவளைத் தாய் என்று முடிவு செய்துவிட்டன. அவளும் மறுப்புச் சொல்லவில்லை. ஆணுக்குத் துரை, பெண்ணுக்குப் பாப்பா என்று பெயரும் வைத்தாயிற்று. பெட்டி காலியாகி வெளியே போனது, அவை போகவில்லை.

துரை வளர்ந்தான். வளர வளரக் குரலும் வளர்ந்தது. எங்கே சத்தம் கேட்டாலும் அதற்குப் பதில் சொல்வது தன் கடமை என்று நினைக்கிறான். குக்கர் விசில் அடித்தால் கொளகொளவென்று ஒரு பதில். தெருவில் லாரி ஹாரன் அடித்தால் ஒரு பதில். நான் தும்மினால் மட்டும் இரண்டு பதில். போன வாரம் நீங்கள் போனில் பேசும்போது "என்ன மாமா, வீட்ல கூட்டமா?" என்று கேட்டீர்களே, கூட்டமெல்லாம் ஒன்றும் இல்லை, அவன் ஒருவன்தான். சத்தமாவது போகட்டும் மாப்பிள்ளை, பழகிய காதுதான். ஆனா அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகலை. நான் சமையலறைப் பக்கம் கால் எடுத்து வெச்சா போதும், வாலை விசிறி மாதிரி விரிச்சு, உடம்பை ஊதிக்கிட்டு, வாசப்படியை அடைச்சிக்கிட்டு நிக்கிறான். முகம் சிவப்பா இருந்தா நல்ல மூடு, நீலம் ஆச்சுன்னா நான் பின்வாங்கணும். தண்ணி வேணும்னாகூடக் கூடத்துலருந்து குரல் கொடுத்துத்தான் வாங்கிக் குடிக்கிறேன். "உங்கள மூணாவது மனுஷன்னு நினைக்கிறான், கொஞ்சம் பழகினா சரியாயிடும்"னு உங்க அத்தை சொல்றா. கல்யாணம் ஆன புதுசுல என்னைப் பத்தியும் அவங்க வீட்ல இதையேதான் சொன்னாங்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மகள் போனதிலிருந்து உங்கள் அத்தை என்னிடம் அதிகம் பேசுவதில்லை. கோபமெல்லாம் கிடையாது, பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் மத்தியானம் துரை அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வான், அவன் நெஞ்சை நீவிவிட்டபடி அவள் பேசுவாள் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் தூங்குவது போல் இருந்து கேட்பேன். ஒருநாள் அவனிடம் சொல்கிறாள், "இடது கண்ணு மங்கலா இருக்குடா, ஊசியில நூல் கோக்க முடியல. இவர்கிட்ட சொன்னா பயந்துடுவாரு, நீயும் சொல்லாதே." அவன் சொல்லவில்லை. நான்தான் மறுநாள், எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பொய் சொல்லி அவளையும் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். புரை இருக்கிறது என்று சொல்லி அறுவை சிகிச்சையும் செய்து, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, கவலைப்பட ஒன்றும் இல்லை. வீட்டு நிலவரத்தை நான் இந்த வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் வருத்தம்.

ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் சொட்டு மருந்து போடற வேலை என்னோடது. துரை கட்டிலுக்குப் பக்கத்துலயே காவல். நான் மருந்து சீசாவோட போனா முழங்காலைக் கொத்தறான். சரி, மறைவா இருக்கட்டும்னு குடையைப் பிடிச்சிக்கிட்டுப் போனேன். குடையை விரிச்சேனோ இல்லையோ, நானும் வால் விரிச்சு சவாலுக்கு வந்துட்டேன்னு நினைச்சிட்டான். அவனும் விரிச்சான். ரெண்டு பேரும் கட்டிலைச் சுத்திச் சுத்தி வர்றோம். உங்க அத்தை ஒரு கண்ணுல கட்டோட படுத்துக்கிட்டு, "அவனை மிரட்டாதீங்க"ங்கிறா. கடைசியில என் கையிலிருந்து சீசாவை வாங்கித் தானே போட்டுக்கிட்டா.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை வீட்டுக்காரர்தான். மாடியில் தனியாக இருக்கிறார், பாங்கில் மேனேஜராக இருந்தவர், சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் காலையில் படியிறங்கி வந்தார். "ஒண்ணு அதுங்க போகணும், இல்ல நீங்க போகணும்" என்று சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டேன். அதுவரை யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத பாப்பா மெதுவாக வந்து, அவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கொத்திப் பார்த்துவிட்டு, மடியில் ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டது. அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தார். அப்புறம் அதன் முதுகில் வைத்தார். "சூடா இருக்கு"ன்னார். அவ்வளவுதான். இப்போது தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறார். என் நாற்காலி அவருக்கு, சோபா துரைக்கு. நான் சுவரில் சாய்ந்து நிற்கிறேன், அச்சகத்தில் நின்றது போலவே.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாருங்கள். பண்ணையில் திருப்பிக் கேட்கிறார்கள் என்று ஏதாவது சொல்லி இரண்டையும் கூட்டிப்போய்விடுங்கள். வெட்டுவதற்கு இல்லை, சும்மா உங்கள் பக்கம் இருக்கட்டும். உங்கள் அத்தை அழுவாள். அதற்கு நான் பக்கத்தில் இருப்பேன். பக்கத்தில் போகத்தான் வழி இருக்குமே அப்போது. நான் எழுதினேன் என்று மட்டும் அவளிடம் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதீர்கள்.

நோய்நொடியோ, சிறகுள்ள எதுவுமோ அண்டாமல் நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிம்மதியாக வாழ வேண்டும் என்று நின்றபடியே ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கப் புறப்பட்டு, சட்டை எடுக்க அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில், இஸ்திரி போட்ட என் சட்டைகளின் மேல் பாப்பா உட்கார்ந்திருக்கிறது. அடியில் முட்டைகள். உங்கள் அத்தை கையை நீட்டினாள், வெடுக்கென்று கொத்திவிட்டது. வீட்டுக்காரர் வந்து கொஞ்சிப் பார்த்தார், அவருக்கும் அதே. நான் சட்டையைத்தான் உருவப் போனேன், என் உள்ளங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. "அதுக்கு என்ன செஞ்சீங்க?" என்று உங்கள் அத்தை என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். நான் ஒன்றும் செய்யவில்லை மாப்பிள்ளை. இன்றைக்கு வரை அதை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. குஞ்சு பொரிக்க ஒரு மாதம் ஆகுமாம், அதுவரை தீனியும் தண்ணீரும் என் கையால்தான் என்று ஆகிவிட்டது. மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தே தீர வேண்டும் என்றால் காலிங் பெல் அடிக்காதீர்கள். இவள் இப்போதுதான் என் கையிலேயே கண் அசந்திருக்கிறாள்.