ஒன்பதாவது ஓவர் வைத்தியர்

உலகத்தில் எத்தனையோ வகை வைத்தியர்கள் இருக்கிறார்கள். நாடி பிடிப்பவர், ஊசி போடுபவர், வேப்பிலை அடிப்பவர் என்று அந்தப் பட்டியல் ஏற்கெனவே நீளம். கணினி என்ற பெட்டி திருகோணமலைக்கு வந்து இறங்கிய அதே லொறியில் தொற்றிக்கொண்டு வந்ததுபோல அந்தப் பட்டியலுக்குள் இன்னோர் இனமும் நுழைந்துவிட்டது. அதுதான் கணினி வைத்தியர். இவர் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். பட்டம் பெற்றவர் கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை பொறுத்திருக்க முடியாதவர்களுக்கு வாய்த்தவர். உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? அதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

மாதிரிக்கு அன்புவழிபுரம் குலசிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞர். சண்டையில் பாதை மூடிக் கொழும்பில் அகப்பட்டுப்போன இரண்டு கிழமைக்குள் ஒரு கணினி வகுப்புக்குப் போய்வந்தவர். அந்தச் சான்றிதழ் வீட்டுச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில், அவற்றைவிடச் சற்றுப் பெரிய சட்டத்துக்குள் தொங்குகிறது. சட்டைப் பையில் ஒரு பேனை, ஒரு திருப்புளி. அந்தத் திருப்புளிக்காக வேலைக்குப் போகிற வழியில் உள்ள மூன்று சோதனைச் சாவடிகளிலும் விளக்கம் சொல்லிச் சொல்லி, இப்போது அவரைக் கண்டால் ஆமிக்காரர் அடையாள அட்டையைக் கேட்க முன்னர் தங்கள் பழுதான றேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதையும் வாங்கிப் பார்ப்பார். தெரியாது என்ற சொல் அந்த நாக்குக்குப் பழக்கமில்லை.

நோயாளியின் முன்னால் வந்ததும் அவர் உட்காரமாட்டார். நின்றபடி தலையை ஒரு பக்கம் சரித்து, பெட்டியை அல்ல, சுற்றி நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். பிறகு கேட்பார்:

“கடைசியா இதை ஆர் தொட்டது?”

எவ்வளவு அருமையான கேள்வி! கடைசியாகத் தொட்டவர் என்று ஒருவர் எப்போதும் இருந்தே தீருவார். அவர் தலைகுனிவார். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்குப் பெட்டியில் காதை வைத்து “ம்ம்” என்பார். சற்றுப் பொறுத்து மறுபடியும் “ம்ம்” என்பார். முதலாவது, நோய் கடுமை என்பதற்கு, இரண்டாவது, தேத்தண்ணிக்கு. தேத்தண்ணி வந்ததும், “நான் அப்பவே சொன்னனான்” என்பார். எப்போது சொன்னார், யாருக்குச் சொன்னார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இந்த மனிதரைத்தான் பாயிஸ் “டொக்டர்” என்று அழைத்தான். துறைமுகத்தைப் பார்த்த ஒழுங்கையில், வாப்பா அபூதாஹிருக்குச் சொந்தமான ஒற்றை அறைக்குள், மூன்று கணினிகளை வைத்து விளையாட்டுக் கடை நடத்துபவன் பாயிஸ். ஊரடங்கு இல்லாத பின்னேரங்களில் பொடியன்கள் அங்கே வந்து, ஒரே விசைப்பலகையின் இரு கரைகளிலும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுவார்கள். ஓர் ஆட்டம் பன்னிரண்டு ஓவர், பக்கத்துக்கு ஆறு. மார்கழி மழையில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடின. மாசி வெயில் ஏறியதும் வந்தது வியாதி. ஒன்பதாவது ஓவரில் பந்து வீச்சாளர் பாதி ஓட்டத்தில் ஒற்றைக் காலில் உறைந்து நிற்பார். திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி தோன்றி, இந்த விளையாட்டு சட்டவிரோதமான காரியம் ஒன்றைச் செய்துவிட்டது, ஆகவே இழுத்து மூடப்படும் என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும். ஒலிபெருக்கியில் ஊரடங்கு கேட்டு வளர்ந்த பொடியன்கள் அப்படிப்பட்ட வசனத்தோடு வாதாடுவார்களா? பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒழுங்கையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

குலசிங்கம் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். முதல் ஞாயிறு வைரஸ் என்றார். இரண்டாவது ஞாயிறு, கணினியில் போடுகிற விளையாட்டுத் தட்டு களவாகப் பிரதி பண்ணினது என்றார். அந்த ஊரில் களவாகப் பிரதி பண்ணாத தட்டை அவரும் கண்டதில்லை, பாயிசும் கண்டதில்லை. மூன்றாவது ஞாயிறு மின்சாரத்தில் ஏதோ ஓட்டம் பிழை என்று கண்டுபிடித்து, அறையின் மூலையில் கிடங்கு வெட்டி இரும்புக் கம்பி புதைத்து, அதற்கு நாளும் பொழுதும் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். கம்பி முளைக்கவில்லை. நான்காவது ஞாயிறு அவருடைய மேதைமை உச்சத்தைத் தொட்டது. குடாவில் நிற்கிற கடற்படைக் கப்பல்களின் ராடர்தான் காரணம் என்றார். இதில் உள்ள அழகைக் கவனியுங்கள். அப்போதைய திருகோணமலையில் யார் போய், ஐயா, எங்கள் பொடியன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், ராடரை ஒரு மணித்தியாலம் நிற்பாட்டுங்கள் என்று கேட்பது? ஒருவராலும் சரிபார்க்க முடியாத காரணம்தான் வைத்தியருக்குப் பிடித்த காரணம். அன்றிலிருந்து மூன்று கணினிகளும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஐந்தாவது ஞாயிறு, நான்கும் சேர்ந்த வியாதி என்றார்.

ஒவ்வொரு முறையும் அவர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுவார். உள்ளே இருக்கிற அட்டைகளைப் பிடுங்கிப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்ப்பார். திறந்தபடியே ஓட்டிப் பார்ப்பார். பன்னிரண்டு ஓவரும் ஓடும். தேத்தண்ணியும் வாய்ப்பனும் வரும். தகட்டை மூடிவிட்டுப் போவார். அடுத்த நாள் ஒன்பதாவது ஓவரில் பந்து வீச்சாளர் ஒற்றைக் காலில் நிற்பார்.

இதை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். பாயிசின் மனைவி ஸல்ஹா. தேத்தண்ணி கொண்டு வருபவருக்கு யார் எதைச் செய்கிறார், எதைச் செய்யவில்லை என்பது நன்றாகத் தெரியும்.

“அண்ணன், திறந்து கிடக்கேக்க ஓடுது. மூடினாத்தானே நிக்குது,” என்றாள். “நெருப்பாக் கொதிக்குது. அதுக்கு மூச்சு விட ஏலாமக் கிடக்குப் போல.”

குலசிங்கம் சிரித்தார். குழந்தையின் ஓவியத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “மிசினுக்கு என்ன தங்கச்சி மூச்சு? இது தற்செயல்.”

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். கடை திறந்த புதிதில், வாடைக்காற்று அடிக்கிற காலத்தில், பாயிஸ் கேட்காமலேயே குலசிங்கம் ஓர் ஆலோசனை வழங்கியிருந்தார். துறைமுகத்து உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஆகவே காற்றுப் போகிற வழியெல்லாம் அடைக்க வேண்டும். ஒரு சுருள் மருந்துப் பிளாஸ்ரர் வாங்குவித்து, மூன்று பெட்டிகளினதும் முன்துளை, பின்துளை, விசிறி வாய் எல்லாவற்றையும் தன் கையாலேயே ஒட்டி அடைத்தார். அதோடு விட்டாரா? களஞ்சிய எழுதுவினைஞர் அல்லவா! அலுமாரியைப் பூட்டினால் குறுக்கே கடதாசி ஒட்டிக் கையெழுத்து வைத்துப் பழகிய கை, சும்மா இருக்குமா? ஒவ்வொரு பிளாஸ்ரரின் மேலும் குறுக்காகக் கையெழுத்தும் திகதியும் போட்டார். பிறகு அதை மறந்துபோனார். இந்த இனத்துக்கு அது இயல்பு. வைரஸைச் சந்தேகிப்பார்கள், மின்சாரத்தைச் சந்தேகிப்பார்கள், கடலில் நிற்கிற கப்பலையும் சந்தேகிப்பார்கள். தாங்கள் முன்பு சொன்னதை மட்டும் சந்தேகிப்பதில்லை.

ஐந்தாவது ஞாயிறும் போனபின் அபூதாஹிர் ஒரு முடிவுக்கு வந்தார். வருகிற சனிக்கிழமை அக்கரையிலுள்ள கிண்ணியாவிலிருந்து பக்கீரும் அவனுடைய கூட்டாளிகளும் படகுப்பாதை ஏறிப் போட்டிக்கு வருகிறார்கள். அந்த ஆட்டம் முழுதாக முடிந்தால் கடை இருக்கும். முடியாவிட்டால் அறை நெத்தலிக் கருவாட்டுக்கு. பாயிசுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஒரு மணிக்கு அறைக்குள் இருபது பேர். ஐந்து மணிக்குக் கடைசிப் படகுப்பாதை. அதற்குப் பிறகு கரையில் நிற்பவருக்கு அந்த நாட்களில் நல்ல விளக்கம் தேவைப்படும். அபூதாஹிர் ஒரு மூலையில் அளவு நாடாவை விரித்து, எத்தனை சாக்குப் பிடிக்கும் என்று சுவரை அளந்துகொண்டிருந்தார். பக்கீர் எண்பது ஓட்டங்களைத் துரத்தி அடித்துக்கொண்டிருக்கையில் ஒன்பதாவது ஓவர் வந்தது. ஒற்றைக் கால். சாம்பல் பெட்டி.

“நாங்க வெல்லப்போற நேரத்திலதான் இது சாகும் என்ன?” என்றான் பக்கீர். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சுற்றி நின்ற கிண்ணியாக்காரர் சிரிக்கவில்லை.

மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை நான்காவது ஓவரிலேயே நின்றது. அபூதாஹிர் நாடாவைச் சுருட்டவில்லை. அடுத்த சுவருக்குப் போனார்.

பாயிஸ் அன்றைக்கென்று வரவழைத்திருந்த குலசிங்கம் முழந்தாளில் மேசைக்குப் பின்னால் புகுந்தார். உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது யோசிக்க ஒரு மறைவிடம். கை பெட்டியின் முதுகில் பட்டது. சூடான ஸ்திரிக்கைப் பெட்டியில் பட்டதுபோல இழுத்துக்கொண்டார். அப்போதுதான் கண்டார். விசிறி வாயின் குறுக்கே, மஞ்சள் பூத்துப்போன பிளாஸ்ரரின் மேல், தலைக்கட்டோடு, வாலோடு, தன் கையெழுத்து. டிசம்பர் பன்னிரண்டு. கடைசியாகத் தொட்டவர்.

எந்த மனிதனும் தன் கையெழுத்தை அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் பாயிசின் கால்கள் தெரிந்தன. ஒரு பாதம் மற்றப் பாதத்தை மிதித்தபடி நின்றது. நான் ஒட்டினது பிழை என்ற மூன்று சொற்கள் குலசிங்கத்தின் தொண்டைவரை வந்தன. அதற்குமேல் வழி அடைபட்டிருந்தது.

“எல்லாரும் அஞ்சு நிமிஷம் வெளியில நில்லுங்கோ,” என்றார் மேசைக்கு அடியிலிருந்து. “இது நுணுக்கமான வேலை.”

வெளியேறினார்கள். அவர் நகத்தால் கிளறினார், பல்லால் இழுத்தார். முன்துளை, பின்துளை, விசிறி வாய். மூன்று பெட்டிகளினதும் பிளாஸ்ரர்களைப் பந்தாகச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் அமுக்கினார். விசிறிகள் பெருமூச்சு விட்டன. பெட்டி ஆறுவதற்காக, திருப்புளியை மேசையில் தட்டித் தட்டிக் கால் மணித்தியாலம் வேலை செய்தார்.

ஆட்டம் மூன்றாம் முறை தொடங்கியது. ஒன்பதாவது ஓவரில் அறைக்குள் ஒரு மூச்சும் கேட்கவில்லை. பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது ஓவரின் கடைசிப் பந்தை பக்கீர் திரைக்கு வெளியே அடித்துவிட்டு, வென்ற களிப்பில் பாயிசையே தூக்கிச் சுற்றினான். நாலரை மணிக்குக் கிண்ணியாக்காரர் அடுத்த சனியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் படகுப்பாதைக்கு ஓடினார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு குலசிங்கம், “உள்ளுக்குள்ள ஒரு சின்ன மாத்தம்” என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் வைத்தியருக்கு நல்லது. ஆனால் பாயிஸ் விசுவாசமான நோயாளி. பெட்டிகளின் பின்னால் எட்டிப் பார்த்தவன் பதறிப்போனான். ஓடிப்போய்ப் பிளாஸ்ரர்ச் சுருளையும் பேனையையும் எடுத்துவந்தான்.

“டொக்டர், முத்திரையெல்லாம் கழண்டு போச்சு. நான் ஒட்டுறன், நீங்கள் கையெழுத்து வையுங்கோ.”

பேனை நீண்டபடி நின்றது. குலசிங்கத்தின் வலக்கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. எடுக்க முடியவில்லை, பந்தும் விரல்களும் ஒன்றாகிவிட்டிருந்தன.

“இனி வேண்டாம்,” என்றார். “வாடை முடிஞ்சுது. இப்ப கச்சான். கச்சான் தரையால வாற காத்து, அதில உப்பில்லை.”

என்ன சாமர்த்தியம்! ஆனால் அபூதாஹிர் காற்றறிந்த மனிதர். நாடாவை மெல்லச் சுருட்டினார்.

“அப்ப வாடை வரைக்கும் கடையை வைச்சிரு மகன். வாடை பிறந்தா முத்திரை. முத்திரை ஒட்டினா மிசின் திரும்ப நிக்கும் போல. அதோட கருவாட்டை இறக்குவம்.”

பாயிசின் முகம் வாடிப்போனது. தன் கெட்டித்தனம் ஒரு கடைக்குத் தவணை குறித்துவிட்டதைக் குலசிங்கம் விளங்கிக்கொண்டார். அப்போதும் அந்த மூன்று சொற்கள் வரவில்லை.

ஸல்ஹா வெற்றுக் கோப்பைகளை எடுக்க வந்திருந்தாள். குலசிங்கத்தின் பைக்குள் போன கையையும், முழங்கையில் ஒட்டியிருந்த ஒரு பிளாஸ்ரர்த் துண்டையும் பார்த்தாள். பாயிசின் முகத்தையும் பார்த்தாள்.

“மாமா, அண்ணன் கண்டுபிடிச்சது வேற,” என்றாள். “மிசினுக்கும் மூச்சு விட வேணுமாம். வாடைக்கும் ஒட்டக்கூடாது, கச்சானுக்கும் ஒட்டக்கூடாது. ஒருக்காலும் ஒட்டக்கூடாது. அப்பிடித்தானே அண்ணன்?”

“ஓம்,” என்றார் குலசிங்கம். அவர் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறிய மருந்துச்சீட்டு அது.

ஸல்ஹா பிளாஸ்ரர்ச் சுருளைப் பாயிசின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். அபூதாஹிர் கருவாட்டுக்கு வேறு அறை தேடினார்.

குலசிங்கம் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த ஞாயிறு அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டில், திருப்புளியை நாடிக்குழியில் வைத்தபடி, “மிசினுக்கும் மூச்சு இருக்குத் தம்பி, இதை நான் அப்பவே சொன்னனான்” என்று அவர் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டவர்கள் உண்டு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. ஆனால் உங்கள் வீட்டில் கடைசியாக ஒரு பொருள் பழுதானபோது, சுற்றி நின்றவர்களைப் பார்த்து நீங்கள் முதலில் கேட்ட கேள்வி என்ன? ஞாபகம் வருகிறதா? அப்படியானால், ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, வலக்கையை மெல்லப் பைக்குள் விடுங்கள். விரலில் பிசுபிசுவென்று ஏதாவது ஒட்டுகிறதா?