பச்சை மையில் ஒரு புரோண்டோ

ஸ்பானிய மொழிக்காக உலகத்தில் எத்தனையோ பேர் மூளையைத் தேய்த்திருப்பார்கள். அதன் ஒரே ஒரு சொல்லுக்காக இரண்டு உள்ளங்காலையும் தேய்த்தவர் எங்கள் தோட்டத்துத் தபால்காரர் ஒருவர்தான். தாய் தகப்பன் வைத்த பெயர், ஆட்களின் வேலைநாள் பதியும் செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'புரோண்டோ' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். திரும்புவதற்குள் பத்தடி தாண்டியிருப்பார்.

நான் அப்போது இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து ஏழு மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு பழக்கம். டவுனுக்கு அனுப்பும் துண்டுச் சீட்டு அவசரமானது என்றால், மூலையில் பச்சை மையில் 'புரோண்டோ' என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் ஒரு கோடு இழுப்பார். அந்தச் சொல் இருந்தால் தபால்காரர் ஓட வேண்டும். இல்லாவிட்டால் நடந்தால் போதும்.

துரை போட்ட சட்டத்தை வேதமாக்கியது நம் ஆள். படிப்பு வாசனையே கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும், சொந்தக்காரன் முகத்தைப்போல அடையாளம் கண்டுகொள்வார். கண்டதும் கம்பளியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் பாய்ந்துவிடுவார். அட்டை ஏறுவதற்கும் அவகாசம் தரமாட்டார். சொல் இல்லாத நாளிலோ, அவர் நடக்கிற நடைக்கு அட்டைகள் ஏறிக் குடித்து இறங்கி வீடு போய்விடும்.

ஒருமுறை துரைசானியின் நாய்க்கு பிஸ்கட் வாங்கக் கொட்டும் மழையில் ஓடினார். துண்டில் சொல் இருந்தது. மறுவாரம் தேயிலைத் தொழிற்சாலையில் எந்திரத்தின் பெல்ட் அறுந்தது. புதுப் பெல்ட் வாங்க அனுப்பிய துண்டில், பதற்றத்தில் துரை அந்தச் சொல்லை எழுத மறந்துவிட்டார். இவர் சாவகாசமாக நடந்து போய்ச் சேர்ந்தபோது கடை சாத்தியாயிற்று. கொழுந்தெல்லாம் வாடிச் சிவந்தது. துரை ஆபீஸ் வாசலில் நின்று குதித்தார்.

"வார்த்தை இல்லீங்களே தொரை," என்றார் இவர், துண்டைத் திருப்பித் திருப்பிக் காட்டி.

துரை துண்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் சட்டம் தன்னையே கடித்தால் வேறு என்ன செய்வது?

இவ்வளவு மரியாதை வைத்த சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் இருப்பது அவரை அரித்தது. ஒருநாள் யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் பெரிய கிளாக்கரிடம், ஒற்றைக்காலில் நின்றபடியே கேட்டார். ஓடாதபோது அவருக்கு அதுதான் நிற்பது. பெரிய கிளாக்கர் தடித்த அகராதியை இறக்கினார்.

"இது ஸ்பானியச் சொல் கண்டியோ. உடனே எண்டு கருத்து. அமெரிக்காவிலை மாடு மேய்க்கிற ஆக்கள் ஸ்பானியம் பேசிற சனத்திட்டைப் பழகி, இங்கிலீசுக்குள்ளை கொண்டு வந்தவங்கள்."

"மாட்டுக்காரங்க வார்த்தைங்களா! அதான் தொரை நம்மள இந்த ஓட்டு ஓட்டுறாரு. ஸ்பெயினு எங்கங்க இருக்கு?"

"போர்த்துக்கலுக்குப் பக்கத்திலை."

"அப்ப கொழும்புக்குக் கிட்டத்தான்."

பெரிய கிளாக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் பின்னாலை போனால் லத்தீன். 'வெளியிலை எடுத்து ஆயத்தமா வைச்சது' எண்டுதான் வேர்."

அந்த வேர் இவருக்குள் இறங்கிவிட்டது. மறுநாளிலிருந்து தன்னையே வெளியில் எடுத்து ஆயத்தமாக வைத்துக்கொண்டார். ரொட்டியை நின்றே தின்றார். முடி வெட்டவும் உட்கார மறுத்ததால், தோட்டத்து நாவிதர் ஸ்டூல் மேல் ஏறி வெட்டினார். பார்க்கிற எனக்கே கால் பரபரத்தது.

சொல்லும் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்குள் ஓடிப் போனது. மருத்துவச்சி வருமுன் பிறந்த பிள்ளை புரோண்டோப் பிள்ளை. ஓடிப்போய்த் தாலி கட்டினால் புரோண்டோக் கல்யாணம். மேகமில்லாமல் கொட்டினால் புரோண்டோ மழை. இத்தனை அர்த்தம் பெரிய கிளாக்கரின் அகராதியில்கூட இல்லை.

அப்போதுதான் பிரஜாவுரிமை விவகாரம் தலையில் விழுந்தது. தேயிலைக்குள் பிறந்து தேயிலைக்குள் நரைத்தவர்களும், நாங்கள் இந்த நாட்டு ஆட்கள்தான் என்று விண்ணப்பம் எழுதிக் கெஞ்ச வேண்டும். குறித்த நாள் தாண்டினால் நாடில்லை. கடைசி நாளன்று கீழ் லயத்து முப்பது குடும்பத்தின் விண்ணப்பங்கள் என் மேசையில் கிடந்தன. தோட்டத்துச் சான்றுக் கடிதங்கள் அன்றுதான் கைக்கு வந்திருந்தன. மணி இரண்டரை. ஹட்டன் தபாற்கந்தோர் நாலு மணிக்கு மூடும். மண் சரிந்து பஸ்ஸும் இல்லை. நான் ஓடினால் மறுநாள்தான் போய்ச் சேருவேன்.

விண்ணப்பக் கட்டை அவரிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.

"வார்த்தை இல்லீங்களே ஐயா."

லயத்து ஆட்களின் கடிதத்துக்குத் துரை அந்தச் சொல்லை எழுதியதே இல்லை. அவர் தேயிலை மலையில் வேலை பார்வையிடப் போயிருந்தார். அவருடைய அறைக்குள் நுழைந்து, அவருடைய பச்சை மையாலேயே எழுதிக் கோடும் இழுத்தேன். புரோண்டோ அதை நெடுநேரம் பார்த்தார்.

"தொரைதானே எழுதினாரு?"

"ஆமா, ஓடுங்க!"

நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கட்டு கவுண்டரில் விழுந்ததாம். பதிவுத் தபால் ரசீதைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தார். கீழ் லயமே அவரைத் தூக்கிச் சுற்றியது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் என் மேசைக்கு வந்தார்.

"ஐயா, நேத்து அது ஒங்க எழுத்துதானுங்களே? தொரை கோடு சாஞ்சு போகும். ஒங்களது ரூல்தடி வச்ச மாதிரி இருந்திச்சு."

"தெரிஞ்சுமா ஓடினீங்க?"

"முப்பது குடும்பமுங்களே. யாராச்சும் எழுதினாச் சரி." சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். "இன்னைக்கித் தபால்ல இதையும் சேத்துருங்க."

அவருடைய விண்ணப்பம். முந்தைய வாரம் நானே நிரப்பிக் கொடுத்தது.

"ஐயோ, நேத்தே இதையும் போட்டிருக்கலாமே! பையிலதானே இருந்தது?"

"இதுல வார்த்தை இல்லீங்களே. சும்மா கவருக்கு மறுநாள் நடைதானுங்களே. நமக்கு நாமளே அவசரமுன்னு எழுதிக்கிறது வெக்கமில்லீங்களா?"

பச்சைப் பேனாவை மறுபடி எடுத்தேன். ஓடினார். அன்றைக்கு ஓடி என்ன ஆகும்? முந்தின நாளே இன்னொரு கவருக்கும் எழுதத் தோன்றாத என் கையை அப்போதும் திட்டினேன், இன்றும் திட்டுகிறேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, பிரஜாவுரிமை கிடைக்காத அவருடைய பெயர் இந்தியாவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் வந்தது. கீழ் லயத்தார் எல்லாரும் ஹட்டன் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார்கள். அவர்கள் இங்கேயே இருக்கிறவர்கள். அன்று மட்டும் அவர் இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

"வண்டி கரெக்டா வருதுங்க ஐயா," என்றார், பெருமையாக.

வந்தது. 'மெதுவாக' என்பதற்கு ஸ்பானிய மொழியில் என்ன சொல்லோ, எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ரயில் முழுக்கப் பச்சை மையில் எழுதியிருப்பேன்.