சாம்பல்மேட்டு மெத்தைச்செடி பட்டியல் நீங்கிய படலம்

கொலராடோவின் மேற்கெல்லையில், மழை மறந்துபோன சாம்பல்நிறக் களிமண் மேடுகளில், இருபத்திரண்டு கோடைகள் மண்டியிட்டுத் தவழ்ந்து, முழங்கால் தேய்ந்து, தொப்பி வெளுத்து, கட்டைவிரல் உயரமேயுள்ள ஒரு மஞ்சள்பூச் செடியை ஒன்றுவிடாமல் எண்ணிய கணக்குப் புலி, களிமண் கடந்த காரிகை, அரசாங்கத் தாவரவியலாளர் ஜானெல் ஹெல்விக்கின் வெற்றியைப் பாடப் புகுந்தோம். சொல்லில் பிழையிருந்தால் பெரியோர் பொறுப்பாராக. எண்ணில் பிழையிருந்தால் மதிப்பீட்டாளர் பொறுக்கமாட்டார்.

செடியின் பெயர் சாம்பல்மேட்டு மெத்தைச்செடி. உலகில் வேறெங்கும் முளைப்பதில்லை என்ற பிடிவாதம் உடையது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நானூற்றுச் சொச்சமாகக் குறுகி, அழியவிருக்கும் உயிர்களின் பட்டியலில் ஏறி, சட்டத்தின் குடைநிழலில் அமர்ந்தது. பத்தாயிரம் செடி தேறினால் குடையை மடக்கலாம் என்று அன்றைய மீட்புத் திட்டம் விதித்தது. ஜானெலின் எண்ணிக்கை பதினோராயிரத்து இருநூற்று நாற்பது. ஆனால் செப்டம்பர் கடைசியில் அவள் ஓய்வு பெறுகிறாள், அவளோடு அந்தப் பதவியும் ஒழிகிறது. அதற்குள் அறிக்கை தேறாவிட்டால் ஏதோ ஓர் இழுப்பறையில் படுத்துவிடும், எழுப்ப ஆளிருக்காது. மறைந்துபோன செடிகளுக்கு இரங்கற்குறிப்பு எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவள் அவள். ஒன்றாவது பிழைத்தது என்று தன் கையால் எழுதிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே அவளுடைய ஆசை.

ஆயினும் அறிஞர் மூவர் மதிப்பீட்டாளராய் ஆராய்ந்து ஒப்பினாலன்றி அறிக்கை நகராது என்பது விதி. மூவரும் பெயர் மறைத்துப் போர்புரிபவர். முதலாமவர் இரண்டு வரியில் வாழ்த்திவிட்டு விலகினார். இரண்டாமவர் காற்புள்ளிகளைத் திருத்தித் தம் வீரத்தை நிறைவு செய்துகொண்டார். மூன்றாமவரோ, பதினொரு பக்கப் படையெடுத்து, நாற்பத்தேழு கேள்விக்கணைகளை அறிக்கையின் மார்பில் தைத்தார். நாற்பத்தாறை ஜானெல் மே மாதத்துக்குள் பிடுங்கி எறிந்தாள். நாற்பத்தேழாவது மட்டும் அசையவில்லை.

அதன் காரணம் எண்ணும் முறையிலேயே இருந்தது. மெத்தைச்செடி கொத்துக்கொத்தாகப் படர்வது. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று அதற்கே தெரியாது. எனவே இரு கொத்துகளுக்கு நடுவே ஒரு முஷ்டி நுழைந்தால் இரண்டு செடி, நுழையாவிட்டால் ஒன்று என்று மீட்புத் திட்டம் வகுத்திருந்தது. நாற்பத்தேழாம் கேள்வி இரண்டே சொல். யாருடைய முஷ்டி?

கேட்டவர் யார் என்பது காக்கப்பட வேண்டிய இரகசியம். அந்தச் செடியை நன்கறிந்தவர் பூவுலகில் நால்வர். ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் நார்வேயில் பாசி ஆராய்கிறார். ஒருத்தி ஜானெல். நான்காமவர் வெர்ன் டௌட்ரி, எழுபத்தெட்டு வயது, அதே ஊர், முஷ்டி விதியை எழுதியவரும் அவரே. எழுதுபவரும் மதிப்பிடுபவரும் அதைப்பற்றிப் பேசக்கூடாது என்பது சட்டமாதலால், வியாழன்தோறும் கோனியின் உணவகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து, இருவரும் ஜன்னலை நோக்கியே பேசினார்கள்.

“யாரோ ஒரு புண்ணியவான் பதினோரு பக்கம் எழுதியிருக்காரு,” என்றாள் ஜானெல், ஜன்னலிடம்.

“விஷயம் தெரிஞ்ச மனுஷனா இருப்பாரு,” என்றார் வெர்ன், செர்ரிப்பழ அப்பத்தை முள்கரண்டியால் குத்தியபடி.

“வேலை வெட்டி இல்லாத மனுஷனாவும் இருக்கலாம்.”

“இருக்கலாம். கேள்விக்குப் பதில் இருக்கா?”

“ஏன் கண்ணுங்களா, ஒரே மேசையில உக்காந்தா எனக்கு ஒரு நடை மிச்சமாகுமில்ல,” என்றாள் கோனி, காப்பி ஊற்றிக்கொண்டே.

“முடியாது, சட்டம்,” என்றார்கள் இருவரும்.

இப்படி மூன்று வியாழன் கழிந்தபின், அலுவலகம் தன் மௌனம் கலைத்து, மூன்றாம் மதிப்பீட்டாளர் விரும்பினால் வெளிப்பட்டுக் களத்திலேயே ஐயம் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஓலை விடுத்தது. வெர்ன் வெளிப்பட்டார். ஜானெல் எழுத்துமூலம் வியப்புத் தெரிவித்தாள்.

ஜூன் மாதத்துக் காலைவெயிலில் இரு பெரும் தானைகளும், அதாவது ஒரு பழைய லாரியும் ஒரு மடக்கு நாற்காலியும், சாம்பல்மேட்டின் அடிவாரத்தில் வந்து நின்றன. வெர்ன் இறங்கினார், மெல்ல மண்டியிட்டார், செடியினத்தின் விதியை ஒருகாலத்தில் அளந்த அந்த வலக்கையை இரண்டு கொத்துகளின் நடுவே இறக்கினார். உலகம் மூச்சடக்கி நின்றது.

கை மூடவில்லை. மூட்டுவாதம் முறுக்கிய கடைசி இரண்டு விரல்களும் நீட்டியபடியே நின்றன. மறு கையால் அவற்றை மடக்கிப் பார்த்தார். மீண்டும் ஒருமுறை மடக்கிப் பார்த்தார். ஜானெல் வானத்தில் இல்லாத ஒரு பருந்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அந்த மனிதர்மேல் சேர்த்துவைத்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது, அதற்காக அவளுக்கு எரிச்சலும் வந்தது.

“எட்டு சென்டிமீட்டர்னு போட்டுக்கவா? என்னோடது எட்டு,” என்றாள்.

“வேணாம். என்னுது பத்து. அந்தக் காலத்துலயே ஸ்கேல் வச்சுப் பாத்திருக்கேன். எழுதத்தான் மறந்துட்டேன்.”

“முப்பத்தஞ்சு வருஷமா மறந்தீங்களா?”

“அப்ப யாரும் கேக்கல.”

“பத்துன்னா ஆயிரம் செடிக்கு மேல அடிபட்டுப் போயிரும், வெர்ன். பத்தாயிரம் தேறுமான்னே தெரியாது. எனக்கு செப்டம்பர் வரைக்கும்தான்.”

“தெரியும். எட்டுன்னு போட்டா நாளைக்கு எவனாவது ஒருத்தன் வந்து கேப்பான். எவனும் கேக்கலைன்னா நானே கேப்பேன்.”

அவர் கேட்பார் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு ஜூனிப்பர் மரக்குச்சியை ஒடித்தாள்.

பின்னர் நிகழ்ந்த பதினொரு நாள் பெரும்போரை எந்த நாவால் உரைப்போம். குச்சி ஏந்திய ஜானெல் மேடுதோறும் தவழ்ந்து “ஒண்ணு” என்று முழங்க, மடக்கு நாற்காலியில் வீற்றிருந்த வெர்ன், இன்னும் வளையும் தம் கட்டைவிரலால் எண்ணுமானியை அழுத்த, குச்சி நுழையாத இடங்களில் இரண்டென நின்றவை ஒன்றென மடிந்து வீழ்ந்தன. கழுத்தில் வெயில் ஏறியது. வெட்டுக்கிளிகள் சிதறின. ஒன்பதாம் நாள் ஒரு பசு குறுக்கே வந்து, இருவராலும் திட்டப்பட்டுப் புறமுதுகிட்டது. பதினோராம் நாள், கடைசி மேட்டின் அடியில் நின்றபோது கணக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. சென்ற முறை அந்த மேட்டில் இருந்தது ஐம்பத்தாறு.

தேவை இன்னும் முப்பது. குச்சி நுழைந்தது, ஒன்று. நுழையவில்லை, மடிந்தது. நுழைந்தது, நுழைந்தது, நுழையவில்லை. முப்பதாவது “ஒண்ணு”க்கு அவள் குரல் உடைந்தது. நாற்பத்தாறாவதோடு மேடு முடிந்தது. வெர்ன் எண்ணுமானியைக் கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடியும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

பத்தாயிரத்துப் பதினாறு.

நாற்காலியிலிருந்து எழுந்து, தொப்பியைக் கழற்றி, நாற்றிசையும் கேட்க, கேட்க வேறொருவரும் இல்லாத அந்த வெளியில், வெர்ன் டௌட்ரி பறைசாற்றினார்: “மூன்றாம் மதிப்பீட்டாளருக்கு மேற்கொண்டு கேள்வி எதுவும் இல்லை.”

அந்த ஒரு வாக்கினால் சட்டத்தின் நெடுங்குடை மடங்கத் தொடங்கியது, அறிக்கை இழுப்பறையின் வாயிலிருந்து தப்பியது, முப்பத்தைந்து ஆண்டு நோயாளியாகக் கிடந்த செடியினம் பிழைத்தது என்று ஜானெல் தன் கையாலேயே எழுதும் நாள் உறுதியாயிற்று, அவள் அழுதாள், மஞ்சள் பூக்கள் தமக்கு நேர்ந்த விடுதலையை அறியாமல் காற்றில் ஆடின. பிறகு வெர்னின் ஷூ கயிறு அவிழ்ந்து கிடந்ததால் ஜானெல் குனிந்து அதைக் கட்டிவிட்டாள்.