ஆயிரம் அப்பாவும் ஒரு டோக்கனும்

மீசைக்குக் குறைவில்லாத, புத்திக்கும் அவ்வளவாகக் குறைவில்லாத மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. உன் அக்கா நலம், அவள் குரல் அவளைவிட நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீ சௌக்கியமாக இருப்பாய் என்பதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் கவலைப்படுவதற்கு வேண்டிய உறுப்பு உனக்கு வைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருப்பேன். பாதியில் உன் அக்கா பிடுங்கிக்கொண்டால் விஷயம் உங்கள் பெரியம்மா முட்டிவலியில் போய் நின்றுவிடும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைவிட்டு ஓடிப்போனது உனக்குத் தெரிந்ததுதான்.

விஷயம் உன் மருமகளைப் பற்றியது. பதறாதே, கல்யாணம் இல்லை, வேலை. அவள் கம்பெனியில் இப்போது ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடுகிற ஏற்பாடு ஒன்றைக் கட்டுகிறார்கள். நோயாளி விடியுமுன் வந்து வரிசையில் நிற்க வேண்டாம், வீட்டில் இருந்தபடியே போனை அழுத்தினால் டோக்கன் வந்துவிடும். கட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். அது கூட்டத்தைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் நம் பாப்பாவின் வேலை. அதை அவள் பார்க்கிற லட்சணத்தைக் கேள். முதல் வாரம் அவர்கள் கதவை மட்டும்தான் வைத்திருந்தார்கள், அதாவது பேரைப் போட்டு உள்ளே நுழைகிற இடம், உள்ளே ஒன்றும் இல்லை. இவள் அந்தக் கதவுக்கே ஆயிரம் பேரை அனுப்பிவிட்டாள். நிஜ ஆள் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இவளே உண்டாக்கிய பொய் ஆட்கள். கதவு விழுந்தது. அடுத்த வாரம் டாக்டர் பெயர் வருகிற இடத்தைக் கட்டினார்கள், அங்கேயும் கூட்டத்தை விட்டாள், அதுவும் விழுந்தது. வீட்டுக்கு வந்து, “இன்னிக்கும் விழுந்துடுச்சுப்பா” என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுகிறாள். நான் ரிப்பேர் பார்த்த வண்டி வாராவாரம் நடுரோட்டில் படுத்தால் என் பட்டறைக்கு எவன் வருவான்? கேட்டால், “இப்ப விழுந்தா ஒரு பொழுதுல தூக்கி நிறுத்திடலாம்ப்பா, எல்லாத்தையும் கட்டி முடிச்ச பிறகு விழுந்தா எந்தச் செங்கல்னு தேடறது?” என்கிறாள். பேச்சுக்கு மட்டும் உன் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது.

அவளுடைய மேலாளர் ஒருத்தர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் “அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்மா” என்பாராம், அதனால் நம் வீட்டில் அவருக்குப் பெயர் கடைசியார். நல்ல மனுஷன்தான், ஆனால் வாராவாரம் யாராவது வந்து உன் வீடு விழுந்தது, உன் வீடு விழுந்தது என்று சொன்னால் நல்ல மனுஷனுக்கும் முகம் சுருங்காதா? பாப்பாவுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. ஒன்றாம் தேதி திறப்பு. அன்றைக்கு அது படுத்துக்கொண்டால் சோதித்தவள் தலைதான் முதலில் உருளும். அங்கே ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல்காரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். இதையெல்லாம் நினைத்தால் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறேன். உன் அக்கா சமையல்தான் காரணம் என்று சொல்ல வசதியாக இருக்கிறது, ஆனால் அது காரணம் இல்லை.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்று கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பா பட்டறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெற்ற பாசம் என்று நினைத்து நெஞ்சு குளிர்ந்துவிட்டேன். போனைக் கொடுத்து, “ஒரு டோக்கன் போட்டுப் பாருங்கப்பா” என்றாள். அழுத்தினேன். சக்கரம் ஒன்று சுற்றியது, வேறொன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். கிரீஸ் பட்டிருக்குமோ என்று வேட்டியில் துடைத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினேன். போனை அணைத்து, எழுப்பி, திரும்ப அழுத்தினேன். “முதல் தடவையே அது கேட்டுக்கிச்சு, ஏன்ப்பா திரும்பத் திரும்ப அழுத்தறீங்க?” என்றாள். “ஒரே உதையில கிளம்பின வண்டியை நான் பாத்ததில்லம்மா” என்றேன். கையைத் தட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, அவளுடைய பொய்க் கூட்டத்தில் ஆயிரம் பேருக்கு என் குணத்தை வைத்துவிட்டாளாம். அவர்களுக்குப் பெயரே அப்பாவாம். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அழுத்தாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிற அம்மாக்கள் முந்நூறு. திறந்துவைத்துவிட்டுத் தூங்கிவிடுகிற மாமாக்கள் நூறு. மாமாக்களால் கம்ப்யூட்டருக்கு ஒரு தொந்தரவும் இல்லையாம், மீசையை முறுக்கிக்கொள். அப்பாக்கள்தான் எமன். கூட்டம் வந்தால் பதில் கொஞ்சம் தாமதமாகிறது, தாமதமானால் அப்பாக்கள் மறுபடி அழுத்துகிறார்கள், ஒவ்வொரு அழுத்தலையும் அது புது ஆள் என்று எண்ணிக்கொள்கிறது, கூட்டம் இரட்டிக்கிறது, ஒரே அப்பாவுக்கு நாலு டோக்கன் போகிறது, மிச்சப் பேருக்கு இல்லை, கடைசியில் மொத்தமும் குப்புற விழுகிறது.

இதைக் கடைசியாரிடம் காட்டியிருக்கிறாள். “ஜனங்க இப்படியெல்லாம் அழுத்த மாட்டாங்கம்மா, இது உன் கற்பனை” என்று சொல்லிவிட்டார். “கற்பனை இல்ல சார், எங்கப்பா” என்று இவள் சொல்ல, “அப்ப அவரையே கூட்டிட்டு வா, பாத்துடலாம்” என்றிருக்கிறார்.

போனேன் மச்சான். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் எல்லாம் போகத் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை பார்க்கப் போகிறவன் மாதிரி போனேன். கிளம்பும்போது உன் அக்கா, “அங்க போய் உங்க பட்டறை புத்தியைக் காட்டாதீங்க, புள்ள மானம் போயிடும்” என்று சொல்லி அனுப்பினாள். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், என்னைச் சுற்றிப் படித்த முகங்கள். பாப்பா இந்தத் தடவை ஒரே தரம் அழுத்துகிற பொய்க் கூட்டத்தை ஓட விட்டாள். கடைசியார் போனைக் கொடுத்து, “வீட்ல எப்படியோ அப்படியே பண்ணுங்க சார்” என்றார். என்னைப் போய் சார் என்கிறார். அந்த ஒரு வார்த்தையில் என் விரலுக்கு அடக்கம் வந்துவிட்டது. ஒரே ஒரு தரம், பூப்போல அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. கையைக் கட்டிக்கொண்டேன். சுற்றிக்கொண்டே இருந்தது. பாப்பா குனிந்து, “அப்பா, மறுபடி அழுத்துங்க” என்று காதில் சொன்னாள். “அவசரப்படக் கூடாதும்மா” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஒரு யுகம் கழித்து டோக்கன் வந்தது. கடைசியார் என் முதுகில் தட்டி, “இவர்தாம்மா உண்மையான ஜனம்” என்றார்.

அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். வீட்டு வாசலில் பின்சீட்டிலிருந்து இறங்கினவள், “நான் பொறந்ததுலேருந்து ஒரு நாளாவது பொறுமையா இருந்திருக்கீங்களா? இன்னிக்குத்தான் இருக்கணுமாப்பா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. “சோறு வேணுமான்னு கேளுங்க” என்பதைக்கூட உன் அக்கா வழியாக அனுப்புகிறாள்.

ஆகவே மச்சான், நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். தாய்மாமன் பேச்சை அவள் தட்டமாட்டாள், அவளைச் சமாதானப்படுத்து. அடுத்தது, ஒன்றாம் தேதி நம் சொந்தக்காரர் யார் டோக்கன் போட்டாலும் ஒரே தரம்தான் அழுத்த வேண்டும் என்று நீ ஒவ்வொருத்தரிடமும் சத்தியம் வாங்க வேண்டும். நான் இங்கே பட்டறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று பிரேக் மாற்ற வந்த பால்காரர், “நாலு தரம் அழுத்தினா நாலு டோக்கனா? இது தெரியாமப் போச்சே” என்று சந்தோஷமாகப் போனார். அதிலிருந்து சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் படிப்பில் என்னைப்போல இல்லாமலும், சுறுசுறுப்பில் உன்னைப்போல இல்லாமலும் வளரட்டும். உனக்கு ஒரு வாரத்துக்காவது கவலை வரக் கடவது.

இப்படிக்கு,
பேச ஆளில்லாத உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன், அடக்கமாக அழுத்துவது எப்படி என்று உனக்கு வழி எழுதலாமே என்று பாப்பா என் போனில் போட்டுவைத்திருந்த சோதனை டோக்கனைத் திறந்தேன். ஒரே தரம்தான் அழுத்தினேன். உள் அறையில் அவள் தன் கூட்டத்தை ஓட விட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்? இப்போது என் பெயரில் ஆறு டோக்கன் இருக்கிறது, அதில் இரண்டு பிரசவத்துக்கு. திரும்பிப் பார்த்தால், பாப்பா பின்னால் நின்று மொத்தத்தையும் படம் பிடித்திருக்கிறாள். நான் போனைத் திட்டினது உட்பட. அது உடனே கடைசியாருக்குப் போய்விட்டது. அவர் கூப்பிட்டு, “சார், அன்னிக்கு வந்தது நீங்கதானா?” என்றார். “அன்னிக்கு வந்தது விருந்தாளி சார், இது வீட்டு ஆளு” என்றேன். எத்தனை தரம் அழுத்தினாலும் ஒரு ஆளுக்கு ஒரு டோக்கன் என்று மாற்றிவிட்டுத்தான் திறப்பாம், ஒன்றாம் தேதி தள்ளிப்போகிறது. பாப்பா என்னிடம் நேராகவே “சோறு வேணுமாப்பா?” என்று கேட்டாள். அதனால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, யாரும் எத்தனை தரம் வேண்டுமானாலும் அழுத்தட்டும். ஆனால் தேதி ஏன் தள்ளுகிறது என்று ஆஸ்பத்திரிப் பெரியவர்கள் நம்ப, அவர்கள் எதிரில் நான் வீட்டில் அழுத்தினதுபோலவே திரும்பத் திரும்ப அழுத்திக் காட்ட வேண்டுமாம், அடுத்த வெள்ளிக்கிழமை காலை. அங்கேயும் யாராவது சார் என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. நான் கிளம்புகிற நேரம் பார்த்து நீ ஒரு போன் செய்து என்னை எரிச்சல்படுத்திவிடு. புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம், வழக்கம்போலப் பேசினாலே போதும்.