கால்வாய்க்குப் போன கல்யாண ஷூ

புது மாப்பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் காது கேட்காது. அது நோய் இல்லை, வசதி. பெண் வீட்டில் யார் என்ன சொன்னாலும் ‘எனக்கே சொல்லித் தருகிறாயா?’ என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டு காபி எடுத்துவரப் போய்விடுவார். இந்தப் பார்வையை நான் திண்டிவனத்திலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் கொண்டுபோனேன். (நல்லவேளை, விமான நிலையத்தில் அதற்கு எடை போடவில்லை.)

2004-ல் எனக்குக் கல்யாணம். பெண்ணுக்குக் கோலியனூர், பெயர் வளர்மதி. மாமனார் கரும்பும் மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்) போடுகிற விவசாயி. நிச்சயதார்த்தத்தன்று என் அம்மா பெருந்தன்மையாக, “நாங்க எதுவும் கேக்கலங்க. பையன் கடைக்குப் போய்வர ஒரு வண்டி மட்டும் போதும்” என்றார். கடை என்பது திண்டிவனத்தில் எங்கள் எலெக்ட்ரிகல் கடை. வீட்டிலிருந்து நடந்தால், ஒரு டீ ஆறுவதற்குள் போய்விடலாம். மாமனார் மறுக்கவில்லை. “தலை தீபாவளிக்கு வாங்கிடலாம்மா” என்றார். அன்றிலிருந்து எனக்குக் கனவில் ஒரு கறுப்பு பைக்தான் வந்துகொண்டிருந்தது. மனுஷன் உழைத்த காசில் எனக்கு எதற்கு வண்டி என்று ஒரு தடவையாவது தோன்றியிருக்க வேண்டுமே? ம்ஹூம்.

வளர்மதியின் அண்ணன் சரவணனுக்கு ஆம்ஸ்டர்டாமில் வேலை. புதுமணத் தம்பதிக்கு அவரே டிக்கெட் எடுத்து அனுப்பினார். நான் என்னமோ அவருக்கு உதவி செய்யப் போவதுபோல ஒத்துக்கொண்டேன். வழியனுப்ப வந்தபோது மாமனார் மெதுவாகக் கேட்டார்.

“மாப்ள, தப்பா நெனச்சிக்காதீங்க. வண்டி நல்லா ஓட்ட வருங்களா? பைக்குன்னா பயமா கீது, அதான்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆள் வண்டி வாங்கித் தராமல் இருக்கச் சாக்கு தேடுகிறார் என்று முடிவு கட்டினேன்.

“நாலு வயசுலேர்ந்து சைக்கிள் ஓட்டறேன் மாமா. ஹைவேஸ்ல ரெண்டு லாரிக்கு நடுவுல பூந்து வருவேன்” என்றேன். (நாலு வயதில் சைக்கிளைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.)

ஆம்ஸ்டர்டாமில் இறங்கினால் ஊரே சைக்கிளில் போகிறது. கோட்டு சூட்டு போட்டவர், தாத்தா, முன்னால் பெட்டி வைத்து அதில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்த அம்மா, எல்லாரும் சைக்கிள்தான். இரண்டாம் நாள் காலை மச்சான் மூன்று சைக்கிள்களை வாடகைக்கு எடுத்துவந்தார். கையில் ஒரு வீடியோ கேமராவும் இருந்தது.

“மாப்ள ஓட்டறத புடிச்சி அப்பாவுக்குக் காட்டலாம். அவுரு பைக்க நெனச்சி பயந்துக்கினு கீறாரு. பாத்தா தைரியம் வந்துடும்.”

ஆக, கறுப்பு பைக்கும் எனக்கும் நடுவில் நின்றது அந்த ஒரு சைக்கிள் சவாரிதான். விடுவேனா? கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக்கொடுத்த பளபள ஷூவை மாட்டிக்கொண்டேன். விழுப்புரம் கடையில் ஏழாம் நம்பர் சரியாக இருக்கும் என்று கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை ஆயிற்றே, எட்டுதான் வேண்டும் என்று வாங்கிய ஷூ. நடக்கும்போது ஷூ முன்னால் போகும், கால் பின்னால் வரும்.

சைக்கிள் உயரமாக இருந்தது. கைப்பிடியில் பிரேக் இல்லை. நான் அசரவில்லை. எங்கள் ஊரில் மட்டும் எந்தச் சைக்கிளில் பிரேக் இருந்தது? காலைத் தரையில் தேய்த்தால் நின்றுவிடும்.

“மாப்ள, இதுல பிரேக்கு வந்து…” என்று மச்சான் ஆரம்பித்தார்.

“மச்சான், எனக்கா?” என்றேன். பார்வையையும் சேர்த்துப் பார்த்தேன்.

“இல்ல மாப்ள, இந்த ஊரு சைக்கிள்ல பெடல…”

“நீங்க கேமராவப் பாருங்க மச்சான்.”

“என்னாங்க, அண்ணன் ஏதோ சொல்லுது, கேளுங்களேன்” என்றாள் வளர்மதி.

“நீ சும்மா வா.”

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசி வளர்ந்தவர்கள் இல்லை, பாவம். மச்சான் முன்னால் போய் ஒரு கால்வாய்ப் பாலத்தின் இறக்கத்தில் கேமராவோடு நின்றுகொண்டார். நான் கிளம்பினேன்.

முதலில் எல்லாம் அமர்க்களமாகத்தான் போனது. பழக்க தோஷத்தில் இடது பக்கமாக ஓட்டினேன். அங்கே வலது பக்கம் போக வேண்டும். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் மணி அடித்தார்கள். மரியாதையான ஊர் என்று நினைத்து நானும் விடாமல் அடித்தேன். பிள்ளைப் பெட்டியோடு வந்த அம்மா ஒருவர் அவர் பாஷையில் ஏதோ கத்தினார். நான் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். பெட்டிக்குள் இருந்த பிள்ளைகள் மட்டும் பதிலுக்குக் கையாட்டின.

பாலத்தின் உச்சிக்கு வந்தேன். கீழே மச்சான், கேமராவின் சிவப்பு விளக்கு. கேமராவுக்கு அந்தப் பக்கம், என் கற்பனையில், மாமனார். இப்போது ஒரு ஸ்டைல் காட்டியே ஆக வேண்டும். நம் ஊரில் இறக்கத்தில் சைக்கிள் ஓட்டிய எல்லாருக்கும் தெரிந்த ஸ்டைல்தான். மிதிக்காமல் விட்டுவிட்டு, பெடலைப் பின்பக்கமாக லேசாகச் சுற்றுவோம். ‘கிர்ர்ர்’ என்று சத்தம் வரும். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளைத் தாண்டும்போது அந்தச் சத்தத்தை எழுப்பாத பையன் திண்டிவனத்திலேயே கிடையாது.

நெஞ்சை நிமிர்த்தினேன். தலையைச் சற்றுச் சாய்த்தேன். பெடலைப் பின்னால் ஒரு சுற்று சுற்றினேன்.

அந்த ஊர்ச் சைக்கிளில் பெடலைப் பின்னால் சுற்றினால் அதுதான் பிரேக்காம்!

பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. சைக்கிள் ஒரு பக்கம் இழுத்தது, நான் ஒரு பக்கம் போனேன். பாலத்தின் கம்பியோரம் வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிள்களில் முதலாவதை முட்டினேன். அது இரண்டாவதன் மேல் சாய, இரண்டாவது மூன்றாவதன் மேல் சாய, கடகடவென்று கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நானோ கம்பியின் மேல் வயிறு மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தேன். தலை இந்தப் பக்கம், கால் இரண்டும் தண்ணீர்ப் பக்கம். எட்டாம் நம்பர் ஷூ ஒன்று நிதானமாகக் கழன்று கால்வாயில் விழுந்தது. கீழே போன சுற்றுலாப் படகில் எல்லாரும் பாலத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தார்கள்.

“கேமராவ நிறுத்துங்க மச்சான்!” என்று அலறினேன்.

மச்சான் என்னைத் தூக்க ஓடிவந்தார். பதற்றத்தில் கேமராவை நிறுத்த மறந்துவிட்டதாக இன்றுவரை சத்தியம் செய்கிறார். (நான் நம்பவில்லை.)

திண்டிவனமாக இருந்தால் பத்துப் பேர் கூடி, கண்ணு தெரியலையா என்று திட்டிவிட்டு, சோடா வாங்கிக் கொடுத்திருப்பார்கள். இங்கே நாலைந்து பேர் வந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் விழுந்த சைக்கிள்களை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வளர்மதி சிரித்தாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குனிந்து குனிந்து சிரித்தாள். கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே, இவள் சிரித்தால் இவ்வளவு நன்றாக இருப்பாளா என்றும் இருந்தது.

“பெடல்லதாங்க பிரேக்கு. அண்ணன் எத்தினி வாட்டி சொல்ல வந்துது! நீங்க எங்க வுட்டீங்க?”

கணுக்கால் வீங்கிவிட்டது. மிதிக்க முடியாது. மச்சான் இரண்டு சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வர, வளர்மதி துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு, “ஏறுங்க” என்றாள். ஒரு கால் ஷூவோடும் ஒரு கால் சாக்ஸோடும் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்தேன். வலது பக்கமாக, மணியைத் தேவைக்கு மட்டும் அடித்து, பாலத்தில் ஏறி இறங்கி, டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டி, அலுங்காமல் ஓட்டினாள். நான்தான் பயத்தில் நெளிந்துகொண்டே வந்தேன்.

“ஆடாம உக்காருங்க. கோலியனூர்லேர்ந்து விழுப்புரம் மில்லுக்கு கேப்பை மூட்டைய இப்படித்தான் வச்சிக்கினு போவேன். மூட்டகூட இந்த ஆட்டம் ஆடாது.”

தலை தீபாவளிக்குக் கோலியனூர் போனோம். என் அம்மாவையும் மரியாதையாக வரவழைத்திருந்தார்கள். மாமனார் வீட்டு டிவியில் மச்சான் எடுத்த வீடியோ கேசட் ஓடியது. சித்தப்பா, பெரியப்பா, பக்கத்து வீடு என்று கூடம் நிறைய ஜனம். நெஞ்சை நிமிர்த்தியது, தலை சாய்த்தது, கம்பியில் தொங்கியது, ஷூ விழுந்தது எல்லாம் வந்தது. சிரிக்கக் கூடாது என்று எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். நான் “கேமராவ நிறுத்துங்க மச்சான்!” என்று அலறிய இடத்தில் மாமியார் எழுந்து சமையலறைக்கு ஓடினார். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

“வண்டி வந்துக்குது. வாங்க மாப்ள” என்று வாசலுக்குக் கூட்டிப்போனார்.

மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. சாவியை வளர்மதி கையில் கொடுத்தார்.

“என்ன சம்பந்தி இது? பையனுக்கு வண்டின்னுதான பேச்சு?” என்றார் அம்மா.

“பையன் கடைக்குப் போய்வர ஒரு வண்டின்னு சொன்னீங்கம்மா. வண்டி இதோ கீது. தாராளமா போய்வரட்டும், பின்னாடி உக்காந்துக்கினு.”



போனேன். தினமும் காலையில் வளர்மதி என்னைக் கடையில் இறக்கிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். திண்டிவனம் கடைத்தெருவே பார்த்தது. சில வருஷம் கழித்து என் காசில் நானே ஒரு பைக் வாங்கினேன், கறுப்புதான். ஆனால் இன்றைக்கும் வீட்டில் பால் பொங்கினாலும் தட்டு விழுந்தாலும் என் மகள் முதலில் கத்துவது, “கேமராவ நிறுத்துங்க மச்சான்!” கோலியனூர் போகும்போது மட்டும் பைக்கை எடுக்க எனக்கு அனுமதி இல்லை. ஸ்கூட்டர்தான். ஊர் எல்லை வரைக்கும் நான் ஓட்டுவேன், எல்லை வந்ததும் வளர்மதி ஓரமாக நிறுத்தச் சொல்வாள். நான் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் பின்னால் போய் உட்காருவேன். வாசலில் நிற்கிற மாமனார் ஒவ்வொரு தடவையும் அதே மரியாதையோடு கேட்பார்:

“வாங்க மாப்ள. ஆடாம வந்தீங்களா?”